அறுபது அடிக் குழாய்

வில்லாபுரத்துக் கடைசிக் குறுக்குத் தெரு கடலோரத்தில் இருக்கிறது என்ற விவரம் ராதாமணிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் தெரியவந்தது. அப்போது அவள் இட்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வருஷமாக அந்தப் பக்கத்திலேயே குடியிருப்பவள். கடலை இரண்டு முறை பார்த்திருக்கிறாள். இரண்டு முறையும் ராமேஸ்வரத்துக்கு ரயில் ஏறிப் போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது.

விவரத்தைக் கொண்டுவந்தவன் கிரிதரன். அவன் கழுத்தில் நீல நாடாவில் ஓர் அட்டை தொங்கியது. ‘கடலோர நகரங்களின் நீர்த் தாங்குதிறனுக்கான பன்னாட்டு ஒத்துழைப்பு மன்றம், மதுரைக் கிளை’ என்று அதில் அச்சடித்திருந்தார்கள். மன்றத்தின் பெயருக்கே அட்டை சரியாகப் போய்விட்டதால் கிரிதரனின் பெயரைப் பின்பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

அவன் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவன். இருவரும் சௌராஷ்டிரர்கள். ஆகவே வீட்டில் பேசுகிற மொழியில்தான் பேசிக்கொண்டார்கள். படிக்கிறவர்களின் வசதிக்காக அதைத் தமிழில் தருகிறோம். அந்த மொழியில் கேட்டிருந்தால் இதே வாக்குறுதிகள் இன்னும் கொஞ்சம் தித்திப்பாக இருந்திருக்கும்.

“கடல் எங்கக்கா இருந்தா என்ன” என்றான் கிரிதரன். “காலையில கார்ல கிளம்பி, மத்தியானம் கடற்கரையில சாப்பிட்டுட்டு, பொழுது சாயத் திரும்பிரலாம்னா அது கடலோர நகரம். மன்றத்து விதி அப்படித்தான் இருக்கு. நெசமான கடலோர ஊர்ல இம்புட்டுப் பெரிய மாநாட்டு மண்டபம் கிடையாது. அதனால மதுரையைச் சேத்துக்கிட்டாங்க.”

“சரி தம்பி. கடல் வருதா, வரலையாங்கறது இருக்கட்டும். அறுபது அடி வருமா?”

அறுபது அடி என்பது ஒரு குழாயின் நீளம். பெரிய தெருவில் வருகிற குடிநீர்க் குழாய், கடைசிக் குறுக்குத் தெருவுக்கு அறுபது அடி முன்னாலேயே நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். நின்ற இடத்தில் ஒரு தெருக்குழாய் இருக்கிறது. அதில் நான்கு நாளைக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் தண்ணீர் வரும். முப்பத்தோரு வீடு. ஆழ்துளைக் கிணறுகளெல்லாம் எப்போதோ கையை விரித்துவிட்டன. அந்த அறுபது அடியை நீட்டித் தரச்சொல்லி ராதாமணி ஒன்பது வருஷமாக மனுக் கொடுத்துவருகிறாள். வீட்டு வாசலிலேயே இட்லி மாவு விற்பவள் அவள். தண்ணீர் வராத நாளில் கிரைண்டர் ஓடாது. கிரைண்டர் ஓடாத நாளில் வீட்டில் அடுப்பும் யோசித்துத்தான் எரியும்.

அதுவரை தெருவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஒரு நோட்டு. நாற்பது பக்க நோட்டுகள் எத்தனையோ தீர்ந்து, இப்போது ஓடிக்கொண்டிருப்பது நீலக் காலிகோ அட்டை போட்ட பெரிய நோட்டு. முறை நோட்டு என்று பெயர். வீட்டுக்கு எட்டுக் குடம். போன தடவை முதலில் பிடித்த வீடு இந்தத் தடவை கடைசி. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு இரண்டு குடம் கூட. சாவு விழுந்த வீட்டுக்குக் கணக்கே கிடையாது. எல்லாம் ராதாமணியின் கையெழுத்து. அந்த நோட்டு வந்த பிறகு தெருவில் குடத்தால் குடத்தை அடித்துக்கொள்வது நின்றுவிட்டது.

கிரிதரன் நோட்டைப் புரட்டப் புரட்ட அவன் முகம் மலர்ந்தது. “அக்கா, இது பொக்கிஷம். ரெண்டு நாள் கொடுங்க, பெரியவங்ககிட்டக் காட்டிட்டுத் தந்துர்றேன். இதைக் காட்டித்தான் அறுபது அடியை வாங்கப் போறேன்.”

ராதாமணி தயங்கினாள். அவன் உடனே கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். “எம் பேரையும் இதுல எழுதிக்கங்க. முப்பத்திரண்டாவது வீடு. நானும் இந்தத் தண்ணியில வளந்தவன்தான. குழாய் வந்த அன்னிக்கு எட்டுக் குடம் எனக்கு.”

வீட்டுமொழியில் ஒருவன் இப்படிக் கேட்டால் எழுதாமல் இருக்க முடியுமா? ராதாமணி எழுதினாள். 32, கிரிதரன், 8 குடம். நோட்டையும் கொடுத்தனுப்பினாள்.

மன்றத்தார் தெருவைப் பார்வையிட மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை வந்தார்கள். வருகிறார்கள் என்று தெரிந்ததும் தெரு கூடிப் பேசியது. குழாய் கேட்டு நிற்கிற தெரு வறண்டு கிடக்க வேண்டும் என்று புத்தியுள்ளவர்கள் யாருக்கும் தோன்றியிருக்கும். கடைசிக் குறுக்குத் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விருந்தாளி வருகிறான், வாசல் காய்ந்து கிடந்தால் அவன் என்ன நினைப்பான் என்பதுதான் முப்பத்தோரு வீட்டுக்கும் கவலையாக இருந்தது. வீட்டுக்கு இரண்டு குடம் போட்டார்கள். அந்த இரண்டு குடத்துக்காக மூன்று நாள் பாதிக் குளியல் குளித்தார்கள். தெருவை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கழுவிவிட்டு வாசலெல்லாம் கோலம் போட்டார்கள். வந்தவர்கள் காரிலிருந்து இறங்கியதும் ராதாமணி, கல்யாணத்துக்கு வந்த வெள்ளிச் சொம்பில் தண்ணீர் நீட்டினாள்.

வந்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் மன்றத்தின் மதுரைக் கிளைத் தலைவர் செல்வக்குமார். ஊரின் குடிநீர் விநியோகமும் அவர் பொறுப்புதான். வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் மூடி திறக்காத ஒரு தண்ணீர்ப் பாட்டில். மற்றவர் கடல் தாண்டி வந்த நிபுணர் யோரிஸ். சிவந்துபோய் வியர்த்துக்கொண்டிருந்தார். பார்க்க நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவர் ஒரு குச்சியைத் தரையில் குத்தி ஏதோ அளந்தார். பிறகு நீளமாகப் பேசினார். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிற ஜோசபின் டீச்சர் பதினான்காம் நம்பர் வீடு. அவர்தான் மொழிபெயர்த்தார்.

“என்ன சொல்றாரு டீச்சர்?”

“தரையில நல்ல ஈரப்பதம் இருக்காம் ராதாக்கா. மண்ணு வாசனை அவரோட ஊரை ஞாபகப்படுத்துதாம்.”

பிறகு தலைவர் பேசினார். “நீர் என்பது வெறும் தண்ணீர் அல்ல. நீர் என்பது ஓர் உரையாடல். இன்றைக்கு இந்தத் தெருவுக்கு உரையாடல் வந்து சேர்ந்துவிட்டது. தண்ணீர் பிறகு வரலாம், வராமலும் போகலாம். ஆனால் உரையாடல் நிற்காது என்று உறுதி கூறுகிறேன்.” தெரு கை தட்டியது. கை தட்டினால்தான் குழாய் வரும் என்று கிரிதரன் முன்பே சொல்லிவைத்திருந்தான்.

பதினைந்து நாளில் மனு திரும்பி வந்தது. ‘பார்வையிட்ட நாளில் தெரு முழுவதும் ஈரமாகக் காணப்பட்டது. தண்ணீர் தாராளமாகப் புழங்குகிறது. குழாய் தேவையில்லை’ என்று அதன் ஓரத்தில் எழுதியிருந்தது.

ராதாமணி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கிரிதரனைப் பார்க்கப் போனாள். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். “யாருக்கா உங்களைத் தெருவைக் கழுவச் சொன்னது? இல்லாதவங்க மாதிரி இருந்திருக்கணும்ல?”

“விருந்தாளி வந்தா வேற என்னப்பா செய்வாங்க?”

“அவங்க விருந்தாளி இல்லக்கா, பார்வையாளர். சித்திரையில மறுபடி வருவாங்க. அப்ப ஒரு சொட்டு ஈரம் கண்ணுல படக் கூடாது. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

“நோட்டு?”

“தலைவர் மேசையில இருக்கு. பத்திரமா இருக்கு.”

சித்திரை வெயிலில் அவர்கள் மறுபடி வந்தபோது தெரு சொன்னபடி கேட்டது. வாசல் தெளிக்கவில்லை. கோலமில்லை. குடங்களைக் கவிழ்த்துவைத்திருந்தார்கள். யோரிஸ் ராதாமணியின் வாசல்படியில் வந்து நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருடைய உதடு காய்ந்து வெடித்திருந்தது. ராதாமணியின் கை தானாகச் சொம்புக்குப் போயிற்று. கிரிதரன் கண்ணால் வேண்டாம் என்றான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். வாசலில் நின்றவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருந்தது அவள் ஆயுளில் அதுதான் முதல் தடவை. அறுபது அடிக்காக இதையும் செய்தாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

யோரிஸ் ஒரு கேள்வி கேட்டார். ஜோசபின் டீச்சர் சொன்னார்: “இம்புட்டுக் கொஞ்சத் தண்ணியில எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு கேக்குறாரு.”

ராதாமணிக்குப் பொய் சொல்ல வராது. உள்ளதைச் சொன்னாள். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் தேய்ப்போம். பாத்திரம் அலசிய தண்ணீரைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவோம். துணி அலசியதைக் கக்கூஸுக்கு வைத்துக்கொள்வோம். சொல்லச் சொல்ல யோரிஸின் கண் கலங்கியது. அவர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அழுகிறாரே, இனிக் குழாய் வந்துவிடும் என்று தெரு முழுக்க நம்பியது. அவர் பேசியதை ஜோசபின் டீச்சர் மொழிபெயர்க்கும்போது மட்டும் டீச்சரின் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று.

“சந்தோஷத்துல அழுவுறாராம். இத்தனை வருஷம் இதைத்தான் உலகம் பூராவும் தேடினாராம். நம்ம கெட்டிக்காரத்தனம் அழிஞ்சிறாமப் பாதுகாக்கணுமாம்.”

தலைவர் செல்வக்குமார் அன்றைக்கு மனம்விட்டுப் பேசினார். “வசதியான தெருவில் ஒரு வேளை தண்ணீர் வரவில்லை என்றால் எனக்குப் பத்துத் தொலைபேசி அழைப்பு வருகிறது. அவர்களுக்குத் தாங்குதிறன் இல்லை. இந்தத் தெருவிலிருந்து ஒன்பது வருஷமாக மனு மட்டும்தான் வருகிறது. மனு எவ்வளவு பண்பான பொருள் தெரியுமா? மேசையில் வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கும். உங்களைப் பார்த்து நான் தலைவணங்குகிறேன்.” சொன்னபடியே தலைவணங்கினார். அப்போதும் பாட்டிலின் மூடியைத் திறக்கவில்லை.

தெருவுக்குத் தாங்குதிறன் மூன்றாம் நிலைச் சான்றிதழ் வந்தது. அது வந்த வாரமே வால்வு திறக்கிற விருமாண்டியும் வந்தார். இருபது வருஷமாக அந்தப் பகுதியின் வால்வுகளைத் திறந்து மூடுகிறவர். சைக்கிளில் நீளச் சாவியைக் கட்டிக்கொண்டு வருவார். அன்றைக்கு அவர் சைக்கிளைவிட்டு இறங்கவே யோசித்தார்.

“ராதாம்மா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கிறாதீக. இனிமே நாலு நாளைக்கு ஒருக்க இல்ல. ஆறு நாளைக்கு ஒருக்க.”

“ஏண்ணே?”

“தாங்குறவுகளுக்குக் கொறைச்சுத் தாங்காதவுகளுக்குக் கூட்டணுமாம். மன்றம் எழுதிக் கொடுத்துருச்சு. நான் என்ன செய்ய, சாவிதான் என் கையில இருக்கு.”

நோட்டு இல்லாமல் ஆறு நாள் முறையை ஞாபகத்திலேயே ஓட்டினாள் ராதாமணி. முதல் முறையிலேயே ஒன்பதாம் நம்பர் வீடும் பதினான்காம் நம்பர் வீடும் மோதிக்கொண்டன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டாத ஜோசபின் டீச்சர் தெருக்குழாயில் நின்று சத்தம் போட்டார். ராதாமணி கிரிதரனுக்குப் போன் செய்து நோட்டைக் கேட்டாள். “அச்சுக்குப் போயிருக்குக்கா, பெரிய மரியாதை” என்றான் அவன். ஆறு நாள் விஷயம் தன் காதுக்கே வரவில்லை என்றும், விசாரிக்கிறேன் என்றும் சொன்னான். அவள் நம்பினாள். வெளியாள் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

வைகாசியில் சுவர்களில் கோடு போட்டார்கள். எதிர்காலத்தில் கடல் பொங்கினால் தண்ணீர் எந்த உயரத்துக்கு நிற்கும் என்று காட்டுகிற நீலக் கோடு. நெஞ்சளவில் தெரு முழுக்கப் பிசிறில்லாமல் போட்டார்கள். தெருக்குழாய்க்குப் பின்னால் இருந்த மதிலிலும் போட்டார்கள். ஆறு நாளைக்கு ஒருமுறை சொட்டுகிற குழாய் அந்தக் கோட்டின்படி மூன்றடி ஆழத்தில் முழுகிக் கிடந்தது.

கோடு காய்ந்ததும் கடல்கோள் ஒத்திகை வைத்தார்கள். மன்றத்தில் பதினோரு நாடுகள் உறுப்பினர்கள். எல்லா ஊரிலும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் ஒத்திகை நடக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த நாள் கடைசிக் குறுக்குத் தெருவின் முறை நாளாக இருந்தது. ராதாமணி போய்ச் சொல்லிப் பார்த்தாள். பதினோரு நாட்டுக்கும் தேதியை மாற்ற முடியாது என்றார்கள்.

காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதியது. முப்பத்தோரு வீட்டுக்காரர்களும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு மொட்டை மாடிகளில் ஏறி நின்றார்கள். ஒவ்வொரு மாடிப்படியிலும் கொடி பிடித்த தன்னார்வலர் ஒருவர் காவல். ஏழேகாலுக்கு விருமாண்டி தன் வழக்கப்படி வால்வைத் திறந்தார். தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. காத்திருந்த ஆறு நாளும் சேர்ந்து வந்ததுபோல நல்ல வேகத்தில் வந்தது.

“தம்பி, குழாயில தண்ணி வருது. நான் இறங்கி ஒரு குடத்தையாவது வச்சுட்டு வாரேன்” என்றாள் ராதாமணி.

“இறங்கக் கூடாதும்மா. தெரு இப்பக் கடலுக்குள்ள இருக்கு.”

“அது காஞ்சு கிடக்கே தம்பி. கண்ணு முன்னாடி தெரியுதுல்ல.”

“பத்து மணிவரைக்கும் அது கடல்தாம்மா. எழுத்துல கொடுத்திருக்காங்க.”

பத்து மணிக்குச் சங்கு மறுபடி ஊதியது. பத்தேகாலுக்குத் தண்ணீர் நின்றது. இடைப்பட்ட கால்மணி நேரத்தில் பத்தொன்பது குடம் பிடித்தார்கள். மூன்று மணி நேரம் முப்பத்தோரு வீடும் மிதவைச் சட்டையோடு மாடியில் நின்று, தங்கள் தண்ணீர் சாக்கடைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்மாடியில் ஜோசபின் டீச்சர் ஜெபமாலை உருட்டினார். அந்த வாரம் ராதாமணி மாவு ஆட்டவில்லை. மிதவைச் சட்டைகளை மட்டும் மறுநாள் கணக்குப் பார்த்துத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ‘ஒரு உயிர்ச்சேதமும் இல்லை’ என்று மன்றத்தின் அறிக்கை சொன்னது.

அன்றைக்கு ராதாமணி கிரிதரனிடம் அழுதுவிட்டாள். போனில்தான். அவன் குரலும் தழுதழுத்தது. “ஆனியில மாநாடுக்கா. மேடையில வச்சே அறுபது அடியை அறிவிக்கிறாங்க. தலைவர் என்கிட்டச் சொல்லிட்டாரு. தெருவே வரணும், குடத்தோட வரணும். முறைப்படி எப்படித் தண்ணி பிடிக்கிறீங்கன்னு மேடைக்கு முன்னாடி காட்டணும். இது ஒண்ணு முடிஞ்சாக் குழாய் நம்ம வீட்டு வாசல்ல.” நம்ம வீட்டு வாசல் என்று அவன் சொன்னதை ராதாமணி முப்பத்தோரு வீட்டிலும் போய்ச் சொன்னாள். தன் வாயால் சொன்னாள். பின்னால் நினைக்கும்போது அதுதான் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கசந்தது.

மாநாட்டு மண்டபம் மாட்டுத்தாவணிக்கு அந்தப் பக்கம். தெருவை ஏற்றிக்கொண்டு பேருந்து போனது. ஆளுக்கொரு காலிக் குடம். வழியில் பூ மார்க்கெட்டில் இறங்கிய இரண்டு பெண்கள் எல்லாருக்கும் மல்லிகை வாங்கி வந்தார்கள். குழாய் வருகிற நாளில் தலையில் பூ இருக்கட்டும் என்றார்கள்.

மண்டபத்துக்குள் ஏசிக் குளிர் எலும்பைத் தொட்டது. நடுவில் ஒரு தெரு இருந்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். அது அவர்கள் தெருதான். அட்டையிலும் பலகையிலும் செய்துவைத்திருந்தார்கள். மதில், நெஞ்சளவு நீலக் கோடு, ஜோசபின் டீச்சர் வீட்டுப் பச்சைக் கதவு, ராதாமணியின் கருவேப்பிலைச் செடிகூட இருந்தது. அதன் ஒரு முனையில் பளபளவென்று நீலக் குழாய் தரையோடு ஓடி, ஒரு தெருக்குழாயில் முடிந்தது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் பிடிக்கவில்லை. தொட்டியில் விழுந்து மறுபடி சுற்றி வந்தது.

ராதாமணி இடுப்பில் குடத்தோடு அந்தக் குழாயின் ஓரமாக நடந்தாள். ஒன்பது வருஷமாக அவள் கால் அறிந்த தூரம் அது. நாற்பது தப்படி. இங்கேயும் சரியாக நாற்பதில் முடிந்தது. அறுபது அடி. மன்றம் அறுபது அடிக் குழாய் வாங்கித்தான் இருக்கிறது. போட்டும் இருக்கிறது.

குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே விளக்குப் போட்டு அவளுடைய முறை நோட்டை விரித்துவைத்திருந்தார்கள். கீழே பித்தளைத் தகட்டில் ‘மதுரை முறை’ என்றும், அதற்குக் கீழே ‘வடிவமைப்பு: கிரிதரன்’ என்றும் பொறித்திருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கண்ணாடி போடாமல் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

மேடையில் தலைவர் செல்வக்குமார் பேசத் தொடங்கினார். “அன்பர்களே, முப்பது வருஷ அனுபவத்தில் ஓர் உண்மையைக் கண்டுகொண்டேன். தண்ணீரைக் கொடுத்தால் மக்கள் அதைக் குடித்துத் தீர்த்துவிடுகிறார்கள். தாங்குதிறனைக் கொடுத்தால் அது தீர்வதே இல்லை. இந்தத் தெரு ஒரு குழாய் கேட்டது. கொடுப்பது எங்களுக்குப் பெரிய காரியம் அல்ல. ஒரு மத்தியான வேலை. ஆனால் குழாய் வந்துவிட்டால் இந்த வரிசை இருக்குமா? இந்த நோட்டு இருக்குமா? பதினோரு நாடுகள் பார்த்து வியக்கிற இந்த முறைதான் இருக்குமா? ஆகவே கனத்த இதயத்தோடும், மிகுந்த பெருமையோடும் அறிவிக்கிறேன். இந்தத் தெருவுக்குக் குழாய் என்றைக்கும் போடப்படாது. அதை மன்றம் பாதுகாக்கும்.”

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. யோரிஸ் தட்டியபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசிக் குறுக்குத் தெருக்காரர்கள் குடத்தோடு நின்றார்கள். குடம் வைத்திருப்பவர்களால் கை தட்ட முடியாது என்று மேடையிலிருந்தவர்கள் பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டார்கள்.

“இப்போது மதுரை முறையின் நேரடி விளக்கம்” என்று ஒலிபெருக்கி சொன்னது.

ராதாமணி கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். பூட்டு இல்லை. நோட்டை எடுத்தாள். ஒரு பக்கமும் கிழியாமல் இருந்தது. அவள் வீட்டு மாவு வாசனை மட்டும் போய்விட்டிருந்தது. நோட்டின்படி அடுத்து முதலில் பிடிக்க வேண்டிய வீடு எது என்று பார்த்து, குரலெடுத்துக் கூப்பிட்டாள்.

“பதினாலாம் நம்பர். டீச்சர், வாங்க. இது விளக்கமில்ல. நெசமாவே பிடிங்க. நிரப்பிக்கிட்டுப் போவோம்.”

வரிசை நின்றது. ஒருவரை ஒருவர் இடிக்கவில்லை. குடம் வைப்பதற்கு முன்னால் ஒரு கை பிடித்து வாயில் ஊற்றிப் பார்ப்பது அந்தத் தெருவின் வழக்கம். எப்போதாவது சாக்கடை கலந்து வந்துவிடும். ராதாமணிதான் எப்போதும் பார்ப்பாள். பார்த்தாள்.

உப்பு. நாக்கைப் பிடுங்குகிற உப்பு. இரண்டு முறை ராமேஸ்வரத்தில் முழுகியபோது வாய்க்குள் போன அதே உப்பு.

அவள் குழாயை மூடினாள். வரிசையைப் பார்த்து எழுந்த கை தட்டல் மெல்ல ஓய்ந்தது. கிரிதரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவள் காதோரம் குனிந்து, தாழ்ந்த குரலில், வீட்டுமொழியில் பேசினான். இப்போதும் அது தித்திப்பாகத்தான் இருந்தது.

“அக்கா, அதைக் குடிச்சிறாதீங்க. கடலோர மாநாடு பாருங்க, நெசமா இருக்கணும்னு மூட்டை உப்பைக் கரைச்சுட்டாங்க. நீங்க சும்மா குடத்தை வச்சு எடுத்தாப் போதும். அந்தத் தகட்டை நான் போடச் சொல்லலக்கா, அவங்களாப் போட்டுட்டாங்க. அடுத்த கூட்டத்துல அறுபது அடிக்கு நான் பேசறேன். என் பிழைப்பே இதுல இருக்கு. உங்க தம்பி மாதிரி கேக்குறேன், இப்ப எதுவும் செஞ்சிறாதீங்க.”

ராதாமணி அவனைப் பார்த்தாள். சின்ன வயசில் இவன் அம்மா தெருக்குழாயில் வரிசையில் நிற்க, இவன் இடுப்பில் உட்கார்ந்து காலி டம்ளரை ஆட்டிக்கொண்டிருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. தண்ணீர் இல்லாததை அவளால் தாங்க முடியும். அதற்குத்தான் சான்றிதழே வந்திருக்கிறது. இந்த மொழியில் ஒருவன் பொய் சொல்வான் என்பதைத் தாங்க அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அழுகை வந்தது. அவள் அதை அங்கே விடவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஜாக்கெட்டில் செருகியிருந்த பேனாவை எடுத்து, முப்பத்திரண்டாவது வரியில் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அவசரப்படாமல், எழுத்து தெரியாத அளவுக்குப் போட்டாள். பிறகு நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, எல்லாரும் கேட்கும்படி, தமிழில் பேசினாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். நீங்க எங்க தெரு இல்ல.”

கிரிதரன் சார் தள்ளி நின்றார். முப்பத்தோரு வீடும் காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு, வந்த வரிசையிலேயே வெளியே நடந்தது. மண்டபம் அதற்கும் கை தட்டியது.